ஐந்தாம் கட்டளையும் அடுத்த வாங்கும்

பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆன்ம சோதனை செய்யும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. அந்த வழக்கம் உள்ள வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஐந்தாம் கட்டளையில் நீங்கள் எவ்வளவு நேரம் தரித்து நிற்கிறீர்கள்? "நான் ஒருவரையும் கொல்லேல்லைத்தானே" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஒரே எட்டில் ஆறாவது கட்டளைக்குப் போய்விடுகிறோம். ஆறாவதில் நம்மவர் காட்டும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கை ஐந்தாவதில் காட்டினால், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருக்கும் குருவுக்குக் கேட்கக் கிடைப்பது வேறாக இருக்கும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு தாயின் வருகை. சில வாரங்களுக்கு முன் அவர் நமது காரியாலயத்துக்கு வந்தார். பத்து வயது மகளைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்தவர், பிள்ளையை வெளியே விறாந்தையில் இருத்திவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். வகுப்பில் அப்பிள்ளையோடு ஒருவரும் ஒரே வாங்கில் இருப்பதில்லை. இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மற்றவர்கள் எழும்பி அப்பால் போய்விடுகிறார்கள். பேரனார் செய்த தொழிலின் பெயரையே பிள்ளைக்குப் பட்டமாக வைத்து அழைக்கிறார்கள். தாய் போய் முறையிட்டபோது அங்கே கிடைத்த பதில், "சின்னப் பிள்ளையள் பகிடிக்குச் சொல்லுறதுகள். நீங்கள் இதைப் பெரிசுபடுத்தாதேங்கோ" என்பதாம்.

"சுவாமி, அந்தப் பிள்ளையள் எல்லாம் நம்மட வேதக்காரப் பிள்ளையள்தான். ஞாயிற்றுக்கிழமை என்ர பிள்ளையோட சேர்ந்து நற்கருணை வாங்குதுகள்" என்று சொல்லிவிட்டு அவர் அழுதார். எனக்கு உடனே வாயில் ஒரு பதிலும் வரவில்லை. பிள்ளைகள் தாங்களாக இந்தப் பட்டத்தைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு இன்னொருவருடைய பேரன் செய்த தொழில் எப்படித் தெரியும்? வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் சொல்லியிருப்பார்கள். அதே மேசைக்கு மேலே திரு இருதய ஆண்டவரின் படமும் தொங்கியிருக்கும்.

ஐந்தாம் கட்டளைக்கு விளக்கம் சொன்னவர் நம் ஆண்டவரே. மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் மலைப்பிரசங்கத்தைத் திறந்து பாருங்கள். கொலையைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் கத்தியைப் பற்றியோ கல்லைப் பற்றியோ ஒன்றுமே சொல்லவில்லை. சகோதரன் மேல் கொள்ளும் கோபம், அவனுக்குச் சொல்லும் வசைச்சொல் என்று வாயிலும் மனத்திலுமே நிற்கிறார். அங்கே அவர் குறிப்பிடும் 'ரக்கா' என்ற அரமேயச் சொல் பயங்கரமான தூஷணம் அல்ல. வெறுமையானவன், தலையில் ஒன்றும் இல்லாதவன் என்பதே பொருள். நாம் நாளாந்தம் சொல்லும் 'விசரன்', 'மொக்கன்' என்பவற்றுக்கு ஒப்பான சொல். இத்தனை சிறிய சொல்லைக் கொலையின் அதே வரிசையில் வைத்தது மிகை என்று சிறு வயதில் எனக்கும் தோன்றியதுண்டு. இன்று அப்படித் தோன்றவில்லை.

கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், ஹார்வார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1954இல் மனிதரின் முற்சாய்வுகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். ஜேர்மனியில் யூத மக்களுக்கு நேர்ந்த கதி உலகின் மனச்சாட்சியை உறுத்திக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கூட்டத்தார் மேல் கொள்ளும் வெறுப்பு எவ்வாறு படிப்படியாக ஏறுகிறது என்பதை அவர் ஐந்து படிகளாகக் காட்டினார். முதற்படி பேச்சு: தங்களுக்குள்ளே கூடியிருந்து பழிப்பதும் பகிடி பண்ணுவதும். அடுத்தது ஒதுங்குதல். மூன்றாவது, பாடசாலை, வேலை, வீடு, கோயில் என்று இடம் மறுத்தல். நாலாவது அடி உதை, தீவைப்பு. ஐந்தாவது அழித்தொழித்தல். முதற்படியில் நிற்பவர் எல்லாரும் ஐந்தாம் படிக்கு ஏறிவிடுவர் என்று அவர் சொல்லவில்லை. பெரும்பாலானோர் ஏறுவதில்லை என்றே சொன்னார். ஆனால் கீழ்ப்படியில் பலர் கூடி நின்றால் மேற்படிக்கு ஏறுவோருக்கு ஏற்றம் எளிதாகிறது என்பது அவர் கண்ட முடிவு.

மேற்படிக்கு ஏறாமல் கீழ்ப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருப்பவர்கள்தானே நாம்!

இதற்கு ஜேர்மனியை உதாரணமாகக் காட்டுவது வழக்கம். நான் ருவாண்டாவை எடுத்துக்கொள்கிறேன். காரணம், அது நம்முடைய வீட்டுக் கதை. ஆபிரிக்காவின் நடுவே, இலங்கையின் பரப்பில் பாதிக்கும் குறைவான மலைநாடு. 1994இல் அங்கே ஏறக்குறைய எழுபது இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். 1946இல் அந்நாட்டு அரசரே தமது நாட்டைக் கிறிஸ்து அரசருக்கு ஒப்புக்கொடுத்தார். ஞாயிறு பூசைக்கு மலைச்சரிவுகளிலிருந்து ஆயிரம் ஆயிரமாக மக்கள் இறங்கி வருவார்களாம். மறைபோதக இதழ்கள் அதனை ஆபிரிக்காவின் முன்மாதிரித் திருச்சபையாகக் காட்டின. அந்த நாட்டில்தான் 1994 ஏப்ரல் தொடக்கம் ஏறக்குறைய நூறு நாட்களில் எட்டு இலட்சம் பேர் வரையில் கொல்லப்பட்டனர். கொன்றோரும் கொல்லப்பட்டோரும் ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். கொலைக்களங்களாயின பல தேவாலயங்கள்.

அங்கே ஹூட்டு, டுட்சி, த்வா என மூன்று கூட்டத்தார் உண்டு. ஹூட்டுக்களே பெரும்பான்மையினர். மூவருக்கும் பேச்சு ஒன்றே, பழக்கவழக்கங்கள் ஒன்றே, வாழும் குன்றும் ஒன்றே. முன்னாளில் கமம் செய்தவரை ஹூட்டு என்றும் மாடு வளர்த்தவரை டுட்சி என்றும் பெரும்பாலும் அழைத்தனர். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்ளவும் இடமிருந்தது. பெல்ஜியர் ஆட்சியிலே 1930களில் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வழங்கி, அதில் இனத்தையும் எழுதினார்கள். அன்றோடு மாறும் வழி அடைபட்டது. ஆளப் பிறந்தவர்கள் டுட்சிகளே என்று ஆட்சியாளர் எண்ணினர். நம் மறைபோதகர்களும் அவ்வாறே எண்ணி, உயர்ந்த படிப்பில் டுட்சிப் பிள்ளைகளுக்கே முதலிடம் கொடுத்தனர். ஒதுக்கப்பட்ட ஹூட்டுப் பிள்ளையின் மனப்புண் அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. 1950களின் இறுதியில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. 1959இல் டுட்சிகளின் வீடுகள் எரிந்தன. பெருந்தொகையானோர் அயல்நாடுகளுக்கு ஓடினர். 1962இல் நாடு சுதந்திரம் பெற்றபின் ஒதுக்கப்பட்டவர்கள் டுட்சிகள்.

இனிமேல் வருவதைச் சற்று நின்று வாசியுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டு வகுப்பறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஆசிரியர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஹூட்டுப் பிள்ளைகள் எழும்புங்கள், டுட்சிப் பிள்ளைகள் எழும்புங்கள் என்பார். தான் எந்த இனம் என்று அதுவரை அறியாத பிள்ளை சிநேகிதியோடு சேர்ந்து எழும்பிவிடும். வகுப்பே சிரிக்கும். வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு வா என்று ஆசிரியர் அனுப்புவார். உயிர் தப்பிய பலர் தங்கள் துன்பத்தின் தொடக்கமாகச் சொல்வது 1994ஐ அன்று. வகுப்பறையில் தனியாக எழும்பி நின்ற அந்த ஒரு நிமிடத்தைத்தான். மேல்வகுப்பிலும் அரச வேலையிலும் டுட்சிகளுக்கு இத்தனை இடம்தான் என்று அளவு வைத்தார்கள். இவற்றில் ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. ஆகவே பங்குக் கோயில்களில் எவரும் இதைப் பாவமாகப் பேசவில்லை. கிகாலி நகரின் பேராயர் ஆளும் கட்சியின் மத்திய குழுவிலேயே பல ஆண்டுகள் அங்கத்தவராக இருந்தார் என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும்.

பட்டப்பெயர்களும் இருந்தன. 1960களில் எல்லை தாண்டி வந்து தாக்கிய டுட்சிப் போராளிகளுக்கு வழங்கிய 'கரப்பான்' என்ற பெயர் மெல்ல மெல்ல அயல்வீட்டு டுட்சிக்கும் உரியதாயிற்று. பாம்பு என்றார்கள். 1990 ஒக்டோபரில் நாடுகடந்திருந்த டுட்சிகளின் படை உகண்டாவிலிருந்து புகுந்து போர் மூண்டபோது, அதுவரை பகிடியாக இருந்தது பயமாக மாறியது. அவ்வாண்டு டிசம்பரில் ஒரு பத்திரிகை ஹூட்டுக்களுக்கெனப் 'பத்துக் கட்டளைகள்' வெளியிட்டது. டுட்சிப் பெண்ணை மணப்பவன் துரோகி. டுட்சியோடு வியாபாரத்தில் கூட்டுச் சேர்பவன் துரோகி. டுட்சிக்கு இரக்கம் காட்டலாகாது என்ற போக்கில் அவை அமைந்திருந்தன. கத்தோலிக்க நாடு ஒன்றில் வெறுப்புக்கும் பத்துக் கட்டளை வடிவம் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பின்பு 1993 யூலையில் ஒரு தனியார் வானொலி தொடங்கிற்று. அதன் அறிவிப்பாளர்கள் வசைகாரர் போலவே பேசவில்லை. இளைஞர் விரும்பும் கொங்கோ நாட்டுப் பாட்டுப் போட்டார்கள், தெருப்பேச்சில் பேசினார்கள், விகடம் சொன்னார்கள். மக்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே கரப்பான் என்ற சொல் வந்துகொண்டிருந்தது. 1994 ஏப்ரல் 6ஆந் திகதி சனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட பின், அதே வேடிக்கைக் குரல்கள் ஒளித்திருப்போரின் பெயர்களையும் இடங்களையும் வாசித்தன. கொலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'வேலை'. வீதித் தடைகளில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுத்துவினைஞர் எழுதிய அந்த ஒரு சொல்லைப் பார்த்து வெட்டினார்கள். அப்பத்திரிகையின் ஆசிரியரும் வானொலியை நடத்தியோரும் 2003இல் சர்வதேச நீதிமன்றத்தால் குற்றவாளிகளாகத் தீர்ப்பிடப்பட்டனர். வெறும் வாயால் பேசியவர்கள்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. (பத்திரிகை ஆசிரியன் என்ற முறையில் அத்தீர்ப்பை நான் சற்றுக் கலக்கத்தோடுதான் வாசித்தேன்.)

அந்த ஏப்ரல் மாதத்திலேயே, 10ஆந் திகதி, ஆபிரிக்க ஆயர்களின் விசேட மாமன்றம் உரோமையில் ஆரம்பமாயிற்று. திருச்சபையைக் 'கடவுளின் குடும்பம்' என்று அம்மாமன்றம் வருணித்தது. அதே நாட்களில் ருவாண்டாவின் கோயில்களுக்குள் அந்தக் குடும்பத்தினர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தனர். ஆபத்து வேளையில் ஞானஸ்நானத் தண்ணீரைவிடக் குலத்தின் இரத்தமே நம் மக்களுக்குத் தடிப்பாகிவிடுகிறது என்ற கருத்தில் நைஜீரிய ஆயர் ஒருவர் அங்கே பேசினார். ருவாண்டா ஆயர்கள் தங்கள் மக்களின் பாவத்துக்காக 2016 நவம்பரில் மன்னிப்புக் கேட்டனர். 2017 மார்ச்சில் பாப்பரசர் பிரான்சிஸ், குருக்களும் துறவிகளும் உட்படத் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்பு வேண்டினார்.

ஆபிரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். 1983 யூலையில் கொழும்பில் நம்மவர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்ததை நாம் மறக்கவில்லை. ஒருவருடைய பெயரும் இனமும் எழுதப்பட்ட தாள் என்ன செய்யும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்லாமல் விடும் இன்னொரு கதையும் உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். கண்ணீரோடு வழியனுப்பிய தமிழர் இருந்தனர். பயத்தினால் வாய் திறவாதவர் அவர்களினும் பலர். அந்தப் பயத்தை நான் எளிதாகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'போனாற் போகட்டும்' என்றவர்களும், விட்டுப்போன பொருட்களை மலிவாக வாங்கியவர்களும் இருந்தனர். அவர்களுக்கு அந்த வார்த்தை ஒரே நாளில் வாயில் வந்ததா? முஸ்லிம் மக்களுக்கு நம் வீடுகளில் காலங்காலமாக வழங்கிவந்த பட்டப்பெயரை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டேன். வாசிக்கும் உங்கள் மனதில் அது இப்போது தானாகவே வந்திருக்கும்.

அந்தத் தாயின் மகளுடைய வாங்கு விஷயமும் புதிதல்ல. யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளை நிலத்தில் இருத்திப் படிப்பித்த காலம் இருந்தது. 1930ஆம் ஆண்டளவில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்கவேண்டும் என்று கல்விப் பகுதி கட்டளையிட்டபோது, அதைப் பொறுக்கமாட்டாமல் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். பிள்ளை ஒன்று வாங்கில் இருந்ததற்குப் பள்ளிக்கூடத்தையே எரித்தார்கள்! பொது இடங்களில் சாதி பார்த்துத் தடை செய்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னும் தேநீர்க் கடைகளில் சிலருக்குப் போத்தலில்தான் தேத்தண்ணீர். 1966லும் 1968லும் கடை வாசல்களிலும் கோயில் வாசல்களிலும் மறித்து நின்று போராடவேண்டியிருந்தது, உயிர்களும் போயின. நம் தேவாலயங்களிலும் இன்னார் இன்ன பக்கம் என்ற வழக்கு இருந்ததை வயதானவர்கள் அறிவார்கள். இன்று போத்தல் இல்லை. வாங்கின் அந்த வெறும் இடம் மட்டும் இருக்கிறது.

பெற்றோரே, உங்கள் பிள்ளையிடம் இன்றிரவு ஒன்று கேளுங்கள். "உன்ர வகுப்பில தனிய இருந்து சாப்பிடுற பிள்ளை ஆர்?" பிள்ளைக்குப் பெயர் உடனே தெரியும். ஏன் தனிய என்று கேட்டால் வரும் பதிலில், உங்கள் வாயிலிருந்து போன சொல் ஏதும் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் பிள்ளையை ஏசவேண்டாம்.

அந்தத் தாயிடம் நான் கடைசியில் கேட்டது, அப்பிள்ளைகளின் பெற்றோர் யார் யார் என்பதைத்தான். அவர் பெயர்களைச் சொன்னார். அவர்களிற் சிலர் என்னிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்கள். பூசையில் வாசகம் வாசிக்கிறவரும் ஒருவர். அவர்களுடைய வீடுகளுக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு வீடுகளில் தேத்தண்ணீர் தந்து, "சுவாமி, நாங்கள் அப்படியெல்லாம் பாக்கிற ஆக்கள் இல்லை" என்றார்கள். ஒரு வீட்டில் மட்டும் தகப்பனார் தலை குனிந்து பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ருவாண்டாவின் மேற்குப் பகுதியில் நியாங்கே என்ற ஊர் உண்டு. 1994 ஏப்ரலில் அங்குள்ள பங்குக் கோயிலுக்குள் 1,500 வரையான டுட்சிகள் அடைக்கலம் புகுந்திருந்தனர். 16ஆந் திகதி புல்டோசர் கொண்டு கோயிலையே அவர்கள் மேல் இடித்து வீழ்த்தினார்கள். பங்குப் பொறுப்பிலிருந்த குரு அத்தனாஸ் செரொம்பா அதற்கு உடந்தையாயிருந்தார். கோயிலின் பலவீனமான பக்கத்தை இயந்திரச் சாரதிக்குக் கூறியவரும் அவரே எனச் சர்வதேச நீதிமன்றம் கண்டது. முதலில் 15 ஆண்டுச் சிறை, 2008இல் மேன்முறையீட்டில் ஆயுட்சிறை. என்னைப் போலவே குருமடத்தில் படித்து, கைகளில் பரிசுத்த தைலம் பூசப்பெற்ற ஒருவர். அதே மாதம் கிசெனி என்ற ஊரில் பெலிசித்தாஸ் நியிதெகெகா என்ற பொதுநிலை ஊழியப் பெண் இருந்தார். அவர் ஹூட்டு. அவருடைய சகோதரர் இராணுவ அதிகாரி; தப்பி வந்துவிடு என்று சொல்லியனுப்பினார். தம்மிடம் அடைக்கலம் தேடியவர்களை விட்டுவிட்டு வர அவர் மறுத்து, அவர்களோடு சேர்ந்து கொல்லப்பட்டார்.

நியாங்கேயில் ஒரு மேல்நிலைப் பாடசாலையும் உண்டு. 1997 மார்ச் 18ஆந் திகதி இரவு, மாணவர்கள் படித்துக்கொண்டிருந்த வேளையில் ஆயுதம் தாங்கியவர்கள் வகுப்பறைக்குள் புகுந்தார்கள். ஹூட்டுக்கள் ஒரு பக்கம், டுட்சிகள் ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள் என்றார்கள். பிரிந்து நின்றால் ஒரு பகுதியினருக்கு உயிர் நிச்சயம் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் நடந்ததும் அவர்களுக்குத் தெரியும். நாங்கள் எல்லாரும் ருவாண்டா நாட்டவர் என்று சொல்லி அவர்கள் பிரிய மறுத்தார்கள். சுட்டார்கள், கைக்குண்டு வீசினார்கள். சில மாணவர் அங்கேயே இறந்தனர், பலர் காயப்பட்டனர். எந்த மாணவனும் மற்றவனைக் காட்டிக்கொடுத்து அந்த வாங்குகளிலிருந்து எழும்பிப் போகவில்லை.